வண்டி நலம்

அன்புள்ள அத்தானுக்கு,

வண்டி நலம். நானும் அத்தையும்கூட நலம். போனில் பேச்செடுத்தால் பம்பரில் தொடங்கி டிக்கியில் முடிந்துவிடுகிறது, நடுவில் எனக்கு இடமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்து கோணலாக இருக்கும், காரணம் பிறகு சொல்கிறேன்.

கல் தெறித்துப் பெயின்ட் பெயராமலிருக்க நீங்கள் பானெட்டில் ஒட்டிவிட்டுப் போன ஃபிலிம் ஓரம்கூடத் தூக்கவில்லை. நகராத வண்டிக்குக் கல் எங்கிருந்து தெறிக்கும் என்று அத்தை கேட்கிறார். முன்கண்ணாடிதான் என் உயிரை வாங்குகிறது. பழைய வண்டிக்கு நிஜக் கண்ணாடி கிடைக்காமல் நீங்களே அறுத்துப் பொருத்திய பிளாஸ்டிக் ஆயிற்றே! காய்ந்த துணி பட்டால் கீறல், கண்ணாடி துடைக்கும் மருந்து பட்டால் மங்கல். அதனால் தினமும் காலையில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கி, பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த மெத்தென்ற துணியால் ஒற்றி எடுக்கிறேன். கைக்குழந்தையைக்கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டார்கள். பூனை ஏறிவிடாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பந்து வந்து விழாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருக்கிறேன். கடைக்குப் போனாலும் ஓட்டமும் நடையுமாகத் திரும்புகிறேன். நான் வாக்கப்பட்டது உங்களுக்கா, வண்டிக்கா என்று தங்கை கேலி செய்கிறாள்.

அவளுக்கு இது நிறைமாதம். எங்களுக்கு அம்மாவும் இல்லை. "நீ பக்கத்துல இருந்தா எனக்கு பயமில்லக்கா" என்று போனில் அழுதாள். உங்களிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "நீ போயிட்டா வண்டிய யாரு பாத்துக்கறது? நான் லீவுல வந்ததும் போ" என்கிறீர்கள். உங்கள் லீவைக் கேட்டுக்கொண்டா குழந்தை பிறக்கும்? அத்தை என்னிடம், "நீ கெளம்பும்மா, அவன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்கிறார். உங்கள் போன் வந்ததும் அவருக்கு வாயே திறப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை வீடியோவில் வண்டியைச் சுற்றிக் காட்டினேனே, அன்று என் வலக்கையில் கட்டுப் போட்டிருந்தது. கண்ணாடிக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் நல்லது என்றீர்கள். கொதித்துவிட்ட தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கும்போது கையில் கொட்டிக்கொண்டேன். நீங்கள் கேட்ட மூலையைத் தொட்டுக் காட்டியபோது கட்டு உங்கள் கண்ணில் பட்டது. "அந்தக் கட்டுத்துணி கண்ணாடில உரசப்போகுது, கைய எடு" என்றீர்கள். எடுத்துவிட்டேன். என்ன ஆச்சு என்று கேட்பீர்கள் என்று போனை வைக்கும்வரை காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. அன்று எனக்கு வந்த அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

கை ஆறி வருகிறது. கொஞ்சம் துணிமணியைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். தினமும் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். உங்களை மீறிப் போக மனம் வரவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அத்தான். வண்டி எங்கேயும் போய்விடாது. நானும் இன்னும் போகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி