பாராக்காரர் தூங்கிய இரவு

ஆம்பூர்
12-3-1961

குடியாத்தம் டீச்சர் பூரணிக்கு,

கடைத்தெருவில் ராத்திரிக் காவல் பாரா பார்த்த காசிநாதன் பெண்சாதி முனியம்மா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய். இங்கே சுகமில்லை. அவருக்கு மூன்று மாதமாக நெஞ்சுச் சளி, படுக்கைதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னே, ஆடி மாதம் வெள்ளிக்கிழமை ராத்திரி. எங்கள் தெரு மருமகளான நீ, புருஷன் அடித்த ரத்தத்தோடு அவர் முன்னால் வந்து நின்றாய். "அண்ணே, அம்மா வூட்டுக்குப் போவணும். இல்லன்னா கெணறுதான்" என்றாய். மாதனூருக்கு ஆறு மைல் நடத்திக் கூட்டிப்போய் விட்டுவிட்டுத் திரும்பினார். அதற்குள் விடிந்துவிட்டது. மணிக்கு மணி பாராக்காரர் அடிக்கிற மணியில் இரண்டு, மூன்று, நாலு, ஒன்றும் அடிக்கவில்லை. அந்த மணியை நம்பி எழுந்திருக்கிற தோல் பதனிடுகிற ஷாப்பு ஆட்களுக்கு அரைநாள் வேலை போனது. கடைக்காரர்கள் கூடிக் கேட்டார்கள். "தூங்கிட்டேன்" என்றார். பாரா வேலை போச்சு. ராத்திரியில் ஆம்பளையோடு நடந்தாள் என்றால் உன் பெயர் என்ன ஆகும்? எனக்கு மட்டும்தான் உண்மையைச் சொன்னார்.

பதினெட்டு வருஷம் ஒவ்வொரு பூட்டையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தவர். காய்ச்சல்காரர் இருக்கிற வாசலில் தடியைத் தட்டாமல் தூக்கிக்கொண்டு போவார். பாத்திரக்கடைக்காரர் சம்பந்தம் ஒரு நாள் கடையைப் பூட்ட மறந்தபோது, எங்கள் வீட்டுப் பூட்டைக் கழற்றிக்கொண்டு போய் மாட்டினார். எங்கள் வீடு திறந்து கிடந்தது. அவரைத்தான் இன்றைக்கும் தூங்குமூஞ்சி பாரா என்கிறார்கள்.

நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மறக்கிறவள் இல்லை. அவர் உயிரோடு இருந்து காதால் கேட்கும்போதே தெருவில் வந்து உண்மையைச் சொல்லு.

முனியம்மா


குடியாத்தம்
18-3-1961

முனியம்மா அக்காவுக்கு வணக்கம்.

அண்ணன் உடம்பை நினைத்து மனசு சரியில்லை. நீங்கள் நுணுக்கி நுணுக்கி எழுதிய இரண்டு கார்டும் பள்ளிக்கூட மேஜையில் கிடந்தன. நான் வகுப்பு முடிந்து வருவதற்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள். "இன்னா பூரணி, இருட்டுல ஆறு மைலா?" என்று வஜீதா டீச்சர் கேட்டாள். ஒரு கவரில் போட்டிருக்கலாமே அக்கா. இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். பிறகு பார்த்தால், பயப்பட எனக்கு ஒன்றும் மீதி இல்லை.

டீச்சர் படிப்பு முடியட்டும் சொல்லலாம் என்றிருந்தேன். முடிந்ததும், வேலை நிலைக்கட்டும் என்றிருந்தேன். அப்படியே போய்விட்டது. தப்புதான்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று. அன்றைக்கு அண்ணன் இருபதடி முன்னால் நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வீங்கின முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று நான் முந்தானையால் மூடியிருந்தேன். தடிச் சத்தத்தை வைத்தே பின்னால் போனேன். மாதனூர் எல்லையில், "மொத பஸ்ல வந்தேன்னு சொல்லும்மா. என்னை நீ பாக்கல" என்றார்.

26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

பூரணி


ஆம்பூர்
30-3-1961

பூரணிக்கு,

கவர் வீட்டில் இருந்தது. வேண்டுமென்றுதான் கார்டில் எழுதினேன்.

கடைத்தெருவில் நின்று நீ கூசாமல் சொன்னதைக் கேட்டேன். நீ பஸ் ஏறின பிறகு நடந்ததை எழுதுகிறேன். கடைக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சம்பந்தம் கட்டில் பக்கத்தில் குந்திக்கொண்டு, "தப்பா நெனச்சிட்டோம் காசி" என்றார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் தூங்கிட்டேன்" என்று மறுபடியும் அதையே சொன்னார். சம்பந்தம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனார்.

அப்புறம் எனக்குத் திட்டு விழுந்தது. "அந்தப் பொண்ணுக்குக் குடுத்த வாக்கை நீ ஒடச்சிட்டே" என்றார். "நீ குடுத்தே, நான் குடுக்கலியே" என்றேன். மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. கஞ்சியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நேற்றுச் சாயங்காலம் அவராகவே வாயைத் திறந்தார். "மாதனூர் வழியில அன்னிக்கு ஒரே நாயி. அந்தப் பொண்ணு ஒரு எடத்துலகூட நிக்கலடி" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த ராத்திரியைப் பற்றி அவராகப் பேசினது இதுதான் முதல்.

சித்திரை லீவில் வந்து ஒரு வாரம் இரு. நான் ஜாஸ்தி பேச மாட்டேன். அவர் பேசுவார்.

முனியம்மா