காயமில்லாத குடம்பிகள்

முள்ளியவளையில் நாம் வாடகைக்கு எடுத்த வீட்டின் அடுப்பெரியாத குசினி இன்னும் ஆய்வுகூடமாகத்தான் இருக்கிறது. இன்று காலை அங்கே ஒரு போத்தலின் மூடியைத் திறந்தேன். மாதிரி அழுகாமலிருக்க ஊற்றும் போமலின் நெடி மூக்கில் அறைந்தது, கண் எரிந்தது. நீ போன அன்று கடலில் எடுத்த கடைசி மாதிரி அது. இத்தனை மாதமாக அதைத் தொட மனம் வரவில்லை. இந்த நெடியோடு நாம் பஸ்ஸில் ஏறினால் நடத்துனர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பிரேதத்தோடயோ வாறியள்?" என்று கேட்பார். "ஓம் அண்ணை, நிறையப் பிரேதம். எல்லாம் சின்னன், டிக்கெற் வேண்டாம்" என்பாய். பஸ் முழுக்கச் சிரிக்கும்.

முட்டையிலிருந்து வெளிவந்து, இன்னும் மீனென்று சொல்லும் உருவம் வராத குடம்பிகள்தான் அந்தப் பிரேதங்கள். இரண்டு கண்ணும் ஒரு நூல் முதுகும் தெரியும், மற்றதெல்லாம் கண்ணாடி. முல்லைத்தீவுக் கடலில் எந்த மீனின் குடம்பி எந்தக் காலத்தில் மிதக்கிறது, எதைத் தின்கிறது, எத்தனை பிழைக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. படகின் பின்னால் கூம்பு வலையை இழுத்து, அதன் அடிக்குவளையில் சேர்வதைப் போத்தலில் ஊற்றுவோம். அந்தக் கடலுக்குள்தான் மீன் பிடிக்க டைனமைற் எறிகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் எறிந்துவிட்டுப் போன இடத்தில் எடுத்த மாதிரியை முதன்முதலில் பார்த்த அன்று நீ மேசையில் ஓங்கிக் குத்தினாய். "இஞ்ச வந்து பாரடி. வெளியில ஒரு கீறல் இல்லை. உள்ளுக்க காத்துப்பை வெடிச்சுச் சிதம்பிக் கிடக்கு." நுணுக்குக்காட்டியில் நான் குனிந்தபோது நீ பின்னால் நின்று தூஷணத்தில் திட்டிக்கொண்டிருந்தாய். அடுத்த தடவை அவர்களைக் கண்டதும் நம் படகை நேரே அங்கே விடச் சொல்லி, துடுப்பால் ஒருவனின் தோளில் போட்டாய். அவன் கத்தியை எடுத்தான். "என்னையும் சேத்துச் சாக்காட்டப் போறியோ பிள்ளை?" என்று படகோட்டி அண்ணை இயந்திரத்தைத் திருப்பினார். கரைக்கு வந்த பிறகும் நீ துடுப்பைக் கீழே வைக்கவில்லை. இன்னொன்று போடாமல் வந்துவிட்டோமே என்று திட்டிக்கொண்டிருந்தாய்.

நாம் இரண்டு பேரும் சண்டைக்காலத்துச் செல்லடிக்குள் வளர்ந்த பிள்ளைகள். உடையார்கட்டில் என் வீட்டார் பங்கர்க் குழிக்குள் இருந்து தப்பினார்கள். உன்னை உன் அம்மா நந்திக்கடல் நீரேரிக்குள்ளால் கொண்டுவந்தார். செல் கூவும்போதெல்லாம் உச்சந்தலையைப் பிடித்து உன்னைத் தண்ணீருக்குள் அமுக்கினாராம். தலையை வெளியே வைத்திருந்தவர்கள் பக்கத்திலேயே சிதறினார்கள். "தண்ணிதான் என்னைக் காப்பாத்தினது" என்பாய். தீபாவளி வெடிக்கு நான் நிலத்தோடு படுப்பேன், நீ மூச்சைப் பிடிப்பாய். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து வயிறு நோகச் சிரிப்போம்.

அன்று வலையைத் தூக்கிக்கொண்டிருந்தோம். முதல் வெடி கொஞ்சம் தள்ளி விழுந்தது. நான் படகின் அடியில் விழுந்து படுத்தேன். நீ மூச்சை இழுத்துக்கொண்டு கடலில் பாய்ந்தாய். யோசித்துச் செய்ததல்ல, உடம்பு தானாகச் செய்தது. "வெளிய வா! தண்ணிக்க நிக்காத!" என்று அண்ணை அலறினார். உனக்குக் கேட்டிருக்காது. இரண்டாவது நமக்குக் கிட்ட விழுந்தது. படகு எழும்பி அடித்தது. கடல் வெளுத்துப் பொங்க, சூடை மீன்கள் வயிறு தெரிய மேலே வந்தன. அவற்றுக்கு நடுவில் நீயும் வந்தாய்.

ஆசுப்பத்திரியில் எல்லோரும் நீ மூழ்கிச் செத்ததாகவே கதைத்தார்கள். உடம்பில் ஒரு காயமில்லையே! எறிந்தவர்களின் ஆட்களும் வந்து, "பெட்டைக்கு நீச்சல் தெரியாதாம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். உன்னைக் கொன்றது அவர்கள் என்று எழுதப்படாவிட்டால் நீ சும்மா செத்தவளாகிவிடுவாய். நெஞ்சைத் திறந்து பாருங்கள் என்று நான் கத்தினேன். உன் அம்மா என் முன்னால் வந்து நின்றார்.

"என்ர மனுசனைத் துண்டு துண்டாத்தான் பொறுக்கினனான். மூத்தவனைக் காணவே இல்லை. இவள் ஒருத்திதான் முழுசாக் கிடைச்சவள். முழுசாவே தாங்கோ."

"மூழ்கினது எண்டு எழுதினா அவங்கள் நாளைக்கும் எறிவாங்கள் அம்மா."

கன்னத்தில் விட்டார் ஓர் அறை. காது அடைத்தது. பிறகு உன் முகத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "வெட்டுங்கோ" என்றார்.

நுரையீரலும் குடலும் கிழிந்திருந்தன. தண்ணீருக்குள் வெடியின் அதிர்ச்சி நேரே உடம்புக்குள் போகும் என்றும், படகிலேயே இருந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்றும் வைத்தியர் சொன்னார். அம்மாவுக்குக் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் ஏறியது. "நான்தானே அவளைத் தண்ணிக்க தாழப் பழக்கினனான்" என்று சுவரில் தலையை மோதினார். எறிந்தவன்தான் கொன்றவன் என்று நான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவருக்குள் அது இறங்குவதில்லை. எனக்கு அந்த நாய்களைக் கையால் கிழிக்க வேண்டும் போலிருக்கிறது.

பிடிபட்டவர்கள் பிணையில் வெளியே வந்துவிட்டார்கள். வழக்கு நடக்கிறது, அதற்குத்தான் அன்றைய வலையில் கிடந்த இந்தப் போத்தலைப் பற்றிய அறிக்கை கேட்டிருக்கிறார்கள். இன்று பார்த்தேன். ஒரு குடம்பியின் காற்றுப்பையாவது முழுதாக இல்லை.

கடலில் இன்னும் வெடி கேட்கிறது. கேட்டதும் அம்மா கரைக்கு ஓடி வருகிறார். அலையில் நிற்கிற பிள்ளைகளை, கரைவலை இழுக்கிற ஆட்களை, யாரென்று பார்க்காமல் பிடித்து இழுத்து வெளியே தள்ளுகிறார். "தண்ணியை நம்பாதேங்கோ!" விசர் பிடித்தவள் என்று முதலில் சிரித்தார்கள். இப்போது அவரைக் கண்டாலே பிள்ளைகள் கரைக்கு ஓடுகிறார்கள்.

போன கிழமை நான் இடுப்பளவு தண்ணீரில் வலையை அலசிக்கொண்டிருந்தேன். தூரத்தில் வெடித்தது. நிமிர்வதற்குள் பின்னலில் ஒரு பிடி விழுந்தது. மல்லாக்க இழுபட்டு மணலுக்கு வந்தேன். அம்மா என் மேல் விழுந்து தோளிலும் முகத்திலும் மாறி மாறி அடித்தார். "படிச்சனீ, உனக்கும் விளங்காதோ? இன்னொண்டை என்னால குடுக்கேலாது."

பின்னலின் அடியில் தலை இன்னும் வலிக்கிறது. சீப்பு வைக்க முடியவில்லை. வலிக்கட்டும்.