எட்டாம் பக்கத்து ஹஜ் நோட்டு

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து மேல்காற்று. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு நிற்கிறது, இங்கே ஒரு சொட்டு இல்லை. மாடித் தொட்டியின் மூடி பறந்து பக்கத்து வீட்டில் கிடந்தது. எடுத்து வந்து கம்பி போட்டுக் கட்டினேன்.

பத்தரை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். என்னைப் போலவே பழைய ரூபாய் நோட்டு சேர்க்கும் தேவசகாயம் அண்ணாச்சியை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஈரலில் புற்று. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். எத்தனை நாள் என்று அவர்களும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்த உடம்பு. கட்டிலில் பாதி இடம்கூட அடைக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் நோட்டு ஆல்பத்தை எடுக்கச் சொன்னார்.

"ஏலே சுப்பு, லிஸ்ட்டு ஒண்ணு போடணும். எந்த நாட்டு நோட்டு, எப்படி வந்துச்சு, என்ன குறை, எல்லாம் எழுதிரு. நான் போன பொறவு எஸ்தர்கிட்ட எவனும் நைசாப் பேசி ஏமாத்திரக் கூடாது."

எஸ்தர் ஒரே மகள். கோயம்புத்தூரில் நர்ஸ். லீவு கேட்டிருக்கிறாள்.

மொத்தம் பதினான்கு பக்கம். இன்று இரண்டு. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது அச்சடித்த ரூபாய்கள், ஆறு. இரண்டில் பூச்சி அரித்த ஓட்டை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிறகு வாந்தி. நிறுத்தினோம். அண்ணாச்சியின் மனைவி ஞானம் மதினி காபி தந்தார். சீனி போட மறந்திருந்தார், நான் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலை ஷிஃப்ட். மில்லில் ஒரு மோட்டார் எரிந்து மூன்று மணி நேரம் மெஷின் நின்றது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வை, நானே கொளுத்திவிட்டது மாதிரி.

வாங்க வேண்டியவை: பிளாஸ்டிக் உறை 20, ஆல்பத்தில் ஈரம் உறிஞ்ச சிலிகா ஜெல், கண் சொட்டு மருந்து.

எழுதாமல் இருந்தால் மனசு ஆறாது. எட்டாம் பக்கம் வரப்போகிறது. அதில் ஒரே ஒரு நோட்டு. ஹஜ் பத்து ரூபாய். அந்தக் காலத்தில் ஹஜ் பயணம் போகிறவர்களுக்கென்று ரிசர்வ் வங்கி தனியாக அச்சடித்தது. நீல நிறம், எண்ணுக்கு முன்னால் HA. ஒன்பது வருஷத்துக்கு முன் நான் அவருக்குக் கொடுத்தது. பதிலுக்கு அவருடைய நிஜாம் நூறு என் கைக்கு வந்தது. ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் அடித்த நூறு ரூபாய், மடிப்பு கூட இல்லாதது.

சென்னையில் ஒரு வியாபாரியிடம் அந்த ஹஜ் நோட்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து, நோட்டின் குறை பார்க்கிற ஊதா வெளிச்ச யுவி டார்ச்சை அடித்தபோதுதான் தெரிந்தது. ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கிழிசல். பின்னால் மெல்லிய தாள் ஒட்டி, முன்னால் நீலம் தொட்டு, தேய்த்து அழுத்தியிருக்கிறான். டார்ச்சில் அந்தக் கோடு மட்டும் வெள்ளையாக மின்னியது. ஏமாந்தேன் என்று யாரிடமும் சொல்ல வெட்கம்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி அதைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "குறை ஏதும் உண்டாலே?" என்று கேட்டார்.

"சுத்தமான நோட்டு அண்ணாச்சி" என்றேன்.

அம்புட்டுதான். ஒரு வாக்கியம்.

ஜூன் 12, வியாழன்

லேசான சாரல், ஐந்து நிமிஷம். ஷிஃப்ட் முடிந்து நேரே ஸ்ரீவி.

பக்கம் 3 முதல் 7. இலங்கை சுதந்திரப் பொன்விழா இருநூறு, பிளாஸ்டிக் நோட்டு. தாய்லாந்து ராஜாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு அடித்த சதுர நோட்டு, அறுபது பாட். பூட்டான், எல்லையில் டியூட்டி பார்த்தபோது ஒரு கடைக்காரர் சில்லறையாகக் கொடுத்தது. அந்தக் கடைக்காரரின் நாய் பெயர் வரை சொன்னார். அதையும் எழுது என்றார். எழுதினேன்.

எட்டைத் திருப்பப் போனேன். கையை வைத்துத் தடுத்தார்.

"அது ஞாயித்துக்கிழம. தெம்பா இருக்கையில சொல்லணும். மத்ததெல்லாம் போனாப் போகுது. எஸ்தருக்குன்னு நான் வச்சிருக்கது அது ஒண்ணுதான்."

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

எஸ்தர் அதை எடுத்துக்கொண்டு ஏதாவது கடைக்குப் போவாள். அவன் டார்ச் அடிப்பான். அவளைத் கள்ள நோட்டு விற்க வந்தவள் மாதிரி பார்ப்பான். இல்லையென்றால் அப்பா ஏமாளி என்று சிரிப்பான்.

சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

சொன்னேன்.

நிஜாம் நூறை உறையில் போட்டுக் கொண்டுபோனேன். எஸ்தர் நேற்று வந்துவிட்டாள், மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். மதினி அடுப்படியில். அண்ணாச்சி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்திருந்தது. எட்டாம் பக்கத்துக்காகத்தான் போலிருக்கிறது.

எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். கிழிசல், ஒட்டு, எனக்குத் தெரிந்தே கொடுத்தது, எல்லாம். உறையைக் கட்டிலில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"டார்ச் கொண்டாந்திருக்கியா?"

கொடுத்தேன். வெளிச்சம் அதிகம், தெரியாது என்றேன். ஹஜ் நோட்டை எடுத்துக்கொண்டு போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டார். உள்ளே ஊதா வெளிச்சம் நகர்வது துணி வழியாகத் தெரிந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. வெகுநேரம். மூச்சு முட்டப் போகிறது என்று பயந்து போர்வையைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டார்.

வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் வேர்வை. டார்ச்சை அணைத்து என்னிடம் நீட்டினார்.

"ஒம்பது வருஷம். வீட்டுக்கு வந்த அம்புட்டு பேருகிட்டயும் காட்டுனேனேலே."

 சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதுகெலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது.

"போயிட்டு வாரேன் அண்ணாச்சி."



ஜூன் 16, திங்கள்

மில். சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். மனைவி கேட்டாள், பல்வலி என்றேன்.

சொன்னது சரிதான். சரியென்றால் ஏன் இப்படி இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

போனேன். அதே சுவர். கண் திறந்திருந்தது. என் குரல் கேட்டதும் மூடிக்கொண்டார்.

மதினி வாசல்வரை வந்து நிஜாம் நூறு இருந்த உறையை என் சட்டைப் பையில் வைத்தார். "அவிய கையால தள்ளிவிட்டுட்டாக."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"தம்பி, நீங்க மாத்திக் குடுத்தது எனக்குப் பெருசாத் தெரியல. காயிதத்துக்குக் காயிதம். ஆனா அவிய போற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா? பொறவு எங்கிட்டயோ பிள்ளகிட்டயோ சொல்லியிருந்தா நாங்க எழுதி வச்சிக்கிட்டிருப்போம்ல. ஞாயித்துக்கிழமையில இருந்து கஞ்சித்தண்ணி உள்ள போகல. உங்க பாரத்த எறக்கி அவிய நெஞ்சுல வச்சிட்டுப் போயிட்டீக."

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற மணம் வந்தது, உள்ளே போய்விட்டார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. எஸ்தருக்காகச் சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். எஸ்தருக்காக என்றால் எஸ்தரிடமே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

காலை ஆறேகாலுக்கு எஸ்தர் போன். "சித்தப்பா, அப்பா போயிட்டாக."

ஷிஃப்டுக்கு ஆள் மாற்றிவிடச் சொல்லி ஃபோன் செய்தேன். பூமாலை: ராஜபாளையத்தில் வாங்கவில்லை, ஸ்ரீவி.யில் வாங்கினேன். அண்ணாச்சி என்னிடம் பேசவில்லை கடைசிவரை. யாரிடமும் பேசவில்லையாம், அது ஒரு ஆறுதல் என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

அடக்கம். வெயில், காற்று, கல்லறைத் தோட்டத்தில் புழுதி. பழைய பட்டாளத்துக்காரர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். பெட்டியைத் தூக்க ஒரு ஆள் குறைந்தது. யாரோ என் பெயரைச் சொன்னார்கள். நான் மதினியைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தூக்கினேன். கனமே இல்லை.

அண்ணாச்சி நல்ல மனுஷர் என்று போதகர் பேசினார். நோட்டு சேர்த்ததைப் பற்றி அவருக்குத் தெரியாது.

ஜூன் 25, புதன்

ஒன்றும் இல்லை. மழையும் இல்லை. என் ஆல்பத்தைத் திறக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று எஸ்தர் போன். "மிச்சப் பக்கத்துக்கு வாரீகளா சித்தப்பா? எங்களுக்கு வேற ஆளு தெரியாது."

போனேன். மதினி அடுப்படியை விட்டு வரவில்லை. காபி இல்லை. கட்டிலை மடித்துச் சுவரில் சாத்தியிருந்தார்கள். தரையில் உட்கார்ந்தோம். இந்த முறை அவள் எழுதினாள், நான் சொன்னேன்.

முதலில் நிஜாம் நூறை எடுத்து வைத்தேன். எஸ்தர் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இது அப்பாவோடதுதான?"

"ஆமாத்தா."

உறையில் போட்டு எட்டாம் பக்கத்தில் செருகினாள். பக்கத்திலேயே ஹஜ் பத்து. நீலம் அப்படியே இருந்தது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது.

"இதுக்கு என்ன எழுதணும்?"

சொன்னேன். கிழிந்து ஒட்டியது. சாயம் தொட்டது. யுவி விளக்கில் தெரியும். ஒவ்வொன்றாக எழுதினாள். ஆஸ்பத்திரி சார்ட்டில் எழுதுகிற மாதிரி சின்ன, தெளிவான எழுத்து.

"எப்படி வந்துச்சுன்னு ஒரு கட்டம் இருக்கு."

"மாத்திக்கிட்டது. குடுத்தவனுக்குக் குறை தெரியும்."

எழுதினாள். தலையைத் தூக்கவில்லை.

"பேரு எழுதணுமா சித்தப்பா?"

"எழுது. ம. சுப்பையா, ராஜபாளையம்."

எழுதிவிட்டு, மை காய ஊதி, ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினாள்.