பிரிக்காத மஞ்சள் லென்ஸ்

பிப்ரவரி, சனி இரவு. தாஹோ பனிமலை.

காலையில் நல்ல வெயில். இவர் பனிச்சறுக்குக் கண்ணாடியில் கறுப்பு லென்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மேகம் வந்தால், கூடவே வாங்கிய மஞ்சள் லென்ஸை மாட்ட வேண்டும் என்று கடையில் சொன்னதை நினைவுபடுத்தினேன். கூட வந்த இரண்டு குடும்பத்துக்கும் கேட்கும்படி, "நீ புளியோதரையப் பாத்துக்கோ. லென்ஸ் பாக்கெட்டப் பிரிச்சா கடக்காரன் ரிட்டர்ன் எடுக்க மாட்டான்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாக்கெட்டை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மதியம் மேகம் மூடியது. பனியும் வானமும் ஒரே வெள்ளை. மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து இவர் என்னிடம் கையை நீட்டினார்.

"அந்த மஞ்சளக் குடு. ஒண்ணுமே தெரியல."

"பிரிச்சா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்களேங்க," என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

இப்போதும் எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு முறை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. முகம் சுண்டிப்போய், கறுப்பு லென்ஸோடே மறுபடி மேலே போனார்.

பள்ளம் கண்ணில் படவே இல்லையாம். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

ராத்திரி, மிச்சமிருந்த புளியோதரையை நான்தான் ஊட்டினேன். பாதியில் கேட்டார்.

"வேணும்னுதானே குடுக்கல?"

கைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து, கட்டுப் போட்ட கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பிரிக்கவே இல்லங்க. திங்கக்கிழமை ரிட்டர்ன் பண்ணிடலாம்."

அடுத்த கவளத்தை நீட்டினேன். பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.