அட்டையும் டாக்டரும் கேட்ட ரத்தம்

மடுல்சீமை
18.11.1979

அன்பு மகள் மரியகொரட்டிக்கு அப்பா யாகோப்பு தன் கையாலேயே எழுதுவது. எழுத்து ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கோணிக்கொண்டு போகிறது, கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த புடவைக்கடை ஸலீம் முதலாளிதான் பொழுது போகாமல் எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தார், தந்துவிட்டு, யாகோப்பு அண்ணே, இது என்ன எழுத்தா, தாள்ல அட்டை ஊர்ந்த மாதிரி இருக்கே என்று சிரித்தார். சிரிக்கட்டும், உன் பெயரை நானே எழுதிவிட்டேன். இவ்வளவு நீளமான பெயரை ஏன் வைத்தோம் என்று இப்போதுதான் தெரிகிறது.

மாதா கிருபையால் இங்கே அம்மா சுகம், அங்கே வவுனியாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். நான் சுகமா என்று என்னைக் கேட்டுப் பயனில்லை, என் ரத்தத்தைத்தான் கேட்க வேண்டுமாம். வயிறு வீங்கிக் கண் மஞ்சளானது ஈரல் கெட்டதால் என்று சொன்ன சின்ன டாக்டர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஊசியால் ரத்தத்தை இழுத்துக்கொண்டு போய், மஞ்சள் எவ்வளவு, சத்து எவ்வளவு, உறைய எவ்வளவு நேரம் என்று அதனிடமே விசாரித்து, ஆள் எத்தனை மாதம் தாங்குவான் என்று சொல்லிவிடுகிறார். கிளி ஜோசியக்காரனாவது கிளிக்கு ஒரு நெல் கொடுப்பான், எனக்கு உப்பில்லாத கஞ்சிதான். குடிப்பீங்களா என்று அவர் கேட்டபோது நான் வாய் திறக்குமுன் உன் அம்மா, மத்தவங்களுக்கு மிச்சம் வைக்க மாட்டாருங்க ஐயா என்று எனக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தாள். பிறகு டாக்டர் அவளை வெளியே கூப்பிட்டு, ரெண்டு மூணு மாசம் தாண்டுறது கஷ்டம்மா, ரத்தம் அப்படித்தான் சொல்லுது என்றார். கெட்டது ஈரல்தான், காது நன்றாகத்தான் இருக்கிறது. அவள் உள்ளே வந்து, எல்லாம் நல்லாயிருக்காமுங்க என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கண்ணில் தூசியாம். ஆஸ்பத்திரியை அவ்வளவு தூசியாகவா வைத்திருப்பார்கள். நானும் நம்பியவன் போல இருந்துகொண்டேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாதது இந்தக் கடிதத்துக்கு வசதி.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே ஒரே மழை. போன கிழமை காலையில் பீலித் தண்ணீரில் குளிக்கப் போய் வரும்போது கணுக்காலில் ஓர் அட்டை. இந்தத் தேயிலை மலையில் காலமெல்லாம் அட்டைக்குத் தீனி போட்டவன் நான், கடித்த இடத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு தடவினால் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமுன் காய்ந்துவிடும். இந்த முறை அம்மா துணியை மாற்றி மாற்றிக் கட்டியும், வேலை முடிந்து எல்லோரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பிய நேரத்திலும் கசிந்துகொண்டே இருந்தது. டாக்டர் படித்தவர், படிப்பைக் காட்ட எதையாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். அட்டை எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனதில்லை. அதுவும் அதையேதான் சொல்கிறது.

அறுவடை முடிந்து ஈஸ்டருக்கு வருகிறேன் என்று நீ எழுதியிருந்ததை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். நெல்லை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார், நீ அடுத்த மாதம் பாலன் பிறக்கும் நத்தாருக்கே வந்துவிடு மகளே. அம்மாவிடம் பண்டிகைக்கு வந்தேன் என்று மட்டும் சொல், இல்லாவிட்டால் அவள் கண்ணில் மறுபடி தூசி விழும். அங்கே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மாப்பிள்ளையைக் கசிப்புச் சாராயத்தின் பக்கம் விடாதே, அவர் ரத்தத்தையும் யாராவது விசாரிக்கும்படி ஆகவேண்டாம். பிள்ளைகளின் கம்பளிச் சட்டைகளை மறக்காமல் கொண்டு வா, குளிர் ஆரம்பித்துவிட்டது.

மாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும், பிள்ளைகளின் நெற்றியில் என் பெயரைச் சொல்லிச் சிலுவை போட்டுவிடு. ஔ மட்டும் இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை. அதைப் பழகி அடுத்த கிழமை எழுதுகிறேன், அதுவரைக்கும் டாக்டரும் தடை சொல்லவில்லை, அட்டையும் சொல்லவில்லை.

இப்படிக்கு
கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போடும்
உன் அப்பா யாகோப்பு