கூடத்துத் தொலைபேசியில் உன் குரல்

கிரோவிக், மார்ச் 1994

அன்பு மகள் இங்குனுக்கு,

இங்கே நானும் ஆடுகளும் நலம், என் இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. டோக்கியோவில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாய், அதனால் நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நீ தொலைபேசியில் பேசினாயே, அப்போது இந்தப் பக்கம் ஊர்க்கூடத்தில் நடந்ததை நீ பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இன்னொன்றும் இருக்கிறது. பண்ணையை ஏற்றுக்கொள்ள ஊருக்கு வருகிறாயா இல்லையா, கோடைக்குள் சொல், இல்லையென்றால் உன் பெரியப்பா மகன் ஓட்வாருக்குக் கொடுத்துவிடுவேன் என்று கிறிஸ்துமஸுக்கு எழுதினேன், நீ பதிலே போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூத்த பிள்ளை உரிமை உன்னுடையது, நீ கையெழுத்துப் போடாமல் அவனுக்கு ஒரு வேலிக்கம்பு கூடப் போகாது. உன்னைத் திட்டிக்கொண்டே குளிர்காலம் முழுக்க ஆடுகளுக்கு வைக்கோல் போட்டேன், பாவம், அதுகள்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றன.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேருந்துகளில் ஜப்பான்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள், ராத்திரி நம் வடக்கு வானத்தில் ஆடும் பச்சை ஒளியைப் பார்க்க வந்த கிழவர் கிழவிகள். முதல் பேருந்து பாறை வளைவைத் தாண்டியதும் பின்னால் பனி சரிந்து பாதையை மூடிவிட்டது. இரண்டாவது பேருந்து சரிவுக்கு அந்தப் பக்கம் நின்று, ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல், வந்த வழியே துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டது. சாலைக்காரர்கள் எங்களுக்குச் சொன்னார்கள், எங்களுக்குத் தெரியும். ஆனால் இங்கே கூடத்தில் வந்து இறங்கியவர்களுக்கு அவர்கள் மொழியில் யார் சொல்வது? அவர்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண் அந்த இரண்டாவது பேருந்தில் இருந்தாள், அது துறைமுகம் போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிடும். ஊரே திரண்டு மீன் சூப் வைத்தோம், வாஃபிள் சுட்டோம், வீட்டில் இருந்த கம்பளியெல்லாம் கொண்டுவந்து போட்டோம். அதில் ஒரு குறையும் இல்லை.

அந்த அம்மாள் மட்டும் ஒரு வாய் தொடவில்லை. நீ பேசினாயே, நொபுயோ அம்மாள், அவர்தான். கைப்பையை இறுக்கிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊர்க்காரர்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம், ஒருவர் மனம் கலங்கி இருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது என்று மரியாதையாக இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்துவிடுவோம். ஓட்வார் மட்டும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி எழுந்து போய், பேருந்து திரும்பிப் போய்விட்டது என்று கையால் காட்டுகிறேன் பேர்வழி என்று உள்ளங்கையை நீட்டி, ஓட்டி, அப்படியே ஒரு புரட்டுப் புரட்டினான், பார்த்தால் பேருந்து கவிழ்ந்த மாதிரியே இருந்தது. அந்த அம்மாளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன், பெரிட் தன் கடையிலிருந்து வெள்ளைச் செவ்வந்தித் தொட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் தலை குனிந்து ஜெபம் சொன்னோம். ஜெபம் முடிந்து நிமிர்ந்தால் அந்த அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்காற்றில் பாதி தூரம் போய்விட்டார். ஓட்வார் ஓடிப்போய்க் கூட்டிவந்தான். மறுபடி எழுந்தார். எங்கே போய் விழுந்து சாவாரோ என்று நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பெரிட் என்னைப் பிடித்து உலுக்கினாள். ஏன் யோர்டிஸ், உம் பொண்ணு அந்த ஊர்லதானே குப்பை கொட்டுறா, இந்த பாஷையிலேருந்துதானே புஸ்தகம் புஸ்தகமா மாத்தி எழுதுறா, ஒரு போனைப் போடாம மரம் மாதிரி நிக்கிறியே என்றாள். எனக்கு வீம்பு. பதில் போடாதவளை நானாக எப்படிக் கூப்பிடுவது? ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் வீம்பு போன இடம் தெரியவில்லை. நான்தான் அம்மா என்றதும் நீ என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? யாரும்மா செத்துட்டாங்க என்றாய். சாவு இல்லாமல் அம்மா கூப்பிடமாட்டாள் என்று நினைத்துவிட்டாயே என்று சுருக்கென்றது.

பிறகு, இரண்டாவது பேருந்து பத்திரமாகத் திரும்பிவிட்டதை உனக்குச் சொல்லிவிட்டு, தொலைபேசியை அந்த அம்மாள் கையில் கொடுத்தேன். முதலில் அவர் ஏதோ கேட்டார், நீ ஏதோ சொன்னாய். அவ்வளவுதான், அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் குனிந்து குனிந்து வணங்கினார். கூடமே எழுந்து நின்றுவிட்டது. அப்புறம் நீ என்னிடம் சொன்னாய், திரும்பிப் போன பேருந்தில் அவருடைய தங்கை இருக்கிறாள், முதல்ல அந்த மெழுகுவத்தியை அணைச்சுத் தொலைங்கம்மா, வெள்ளைப் பூவை எடுங்க, இங்க அதெல்லாம் சாவுக்குத்தான் வைப்பாங்க, அவங்க தங்கச்சிக்கு நீங்க காரியமே பண்ணிட்டீங்க என்று. நான் அதைச் சொல்ல, பெரிட் ஓடிப்போய் ஊதி அணைத்தாள், ஓட்வார் செவ்வந்தித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான், கடைசியில் வெளியே பனியிலேயே வைத்துவிட்டான். அந்த அம்மாள் அழுகையோடு அழுகையாகச் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அதற்குப் பிறகு அத்தனை பேரும் உன்னோடு பேச வரிசையில் நின்றார்கள்.

ஒவ்வொருவருக்கும் நான் பக்கத்தில் நின்று பிடித்துக் கொடுத்தேன், அதனால் உன் குரல் எனக்கும் கேட்டது. இங்குன், அது நான் கேட்காத குரல். ஏறி இறங்கி, இழுத்து, கொஞ்சி, அதட்டி, ஒருவர் பேசி முடிக்கும் முன்னே ம்ம் ம்ம் என்று கூடவே நடந்து, ஒரு கிழவரிடம் ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தாய். கடைசியில் நான் வாங்கி, எதுக்குடி அப்படிச் சிரிச்சீங்க என்று கேட்டேன். சும்மா, பஸ் பத்தி, சரிம்மா வெச்சிடறேன் என்றாய். எனக்குப் பொறாமையாக இருந்தது. யாரோ ஊர் பேர் தெரியாதவர்களுக்கு அத்தனை, பெற்றவளுக்கு இவ்வளவுதானா என்று அழுகை வந்தது, காப்பி வடிக்கப் போகிறவள் மாதிரி உள்ளே போய்விட்டேன். ராத்திரி யோசித்துப் பார்த்தேன். உனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தானே. ஊர்வாயை மூட முடியாது என்பார்கள், நம் ஊர் வாயைத் திறக்க வைப்பதுதான் பெரும்பாடு, நம் வீட்டில் அதைவிட மோசம். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

யாரோ எழுதுனதைத் திருப்பி எழுதுறதுக்கு அவ்வளவு தூரம் போவணுமா என்று ஓட்வார் கிண்டல் செய்வான் அல்லவா, நானும் உள்ளுக்குள் அதையேதான் நினைத்திருந்தேன். நீ அனுப்பும் புத்தகங்களில் உன் பெயர் உள்ளே எறும்பு மாதிரி இருக்கும், கண்ணாடி போட்டுத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுவேன். பத்திரிகையில் நீ எழுதும் பூகம்பத்தையும் பங்குச்சந்தையையும் படிப்பேன், இதில் என் பெண் எங்கே இருக்கிறாள் என்று இருக்கும். அன்று திரும்பும்போது ஓட்வார் வண்டியை ஓட்டிக்கொண்டே, சித்தி, அவளை ஆடு மேய்க்கக் கூப்பிடாதீங்க என்றான். பண்ணை கிடைக்கும்னு பேசுறியாடா என்றேன். காது வரைக்கும் சிவந்துபோய், அதுவும்தான் என்றான். பொய் சொல்லத் தெரியாத பயல்.

அதனால் முடிவை நானே எடுத்துவிட்டேன். பண்ணை ஓட்வாருக்கு. கரையோரச் சின்ன வீடு எனக்கு, அதில் மாடி அறை உனக்கு, அங்கே யாரையும் நுழைய விடமாட்டேன். காகிதம் வரும், உனக்கும் மனசு ஒப்பினால் கையெழுத்துப் போட்டு அனுப்பு, பயந்துகொண்டு போடாதே.

வேளைக்குச் சாப்பிடு, பூமி ஆடினால் மேசைக்கு அடியில் போ, செய்தி எழுதுகிறேன் என்று ஜன்னலுக்கு ஓடாதே. கடவுள் உன்னைக் கண்ணின் மணியாகக் காக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, முதலில் கொஞ்ச நேரம் அந்த மொழியிலேயே பேசு. என்ன வேண்டுமானாலும் சொல், என்னைத் திட்டினாலும் சரி. எனக்கு ஒன்றும் விளங்காது, நான் ம்ம் ம்ம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா,
யோர்டிஸ்