அடிப்பிடிச்ச சோறு கம்ரானுக்கு

இஞ்சேருங்கோ,

எனக்கு வேலைக்குப் பிந்திப்போச்சு. கம்ரான் ஆறு மணிக்கு வருவார். அவர் போகுமட்டும் நோபல் பார்க் ஊர் முழுக்கக் காரில சுத்தலாம் எண்டு நினைக்காதேங்கோ. வீட்டில நில்லுங்கோ.

அகதித் தடுப்புக் காம்பில அவர் உங்களுக்கு வாயாலேயே சமைச்சுக் காட்டின ஈரான் சோறுதான் அரை வேக்காட்டில அடுப்பில இருக்கு. புரோட் பீன்ஸுக்கு ரெண்டு தோலும் உரிச்சு, டில் இலை வெட்டி, என்ரை நகமெல்லாம் பச்சை. அஞ்சு மணிக்குச் சின்ன நெருப்பில வையுங்கோ. மூடியில கட்டின துவாய்த் துணியை அவிழ்க்காதேங்கோ. அடிப்பிடிக்க வேணும், அதுதான் அவையளுக்கு விசேசம். கருகிப்போச்செண்டு தண்ணி ஊத்திப்போடாதேங்கோ! அந்த அடிச்சோத்தில முதல் துண்டு அவருக்கு.

அவருக்கு விசா வந்திட்டுது, எங்களுக்கு வரேல்லை. அது அவரின்ரை பிழையோ? ராத்திரியும் கேட்டனான், நீங்கள் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டியள்.

வீட்டுத் திறப்புக் கோர்வை கதிரையில கிடக்கு.

சுலக்சனா

பிறகு ஒண்டு. அவருக்கு விசா கிடைச்சதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். சொல்லேக்கை முதல் சிரிச்சனீங்கள், பிறகுதான் முகம் கறுத்தது. கதவைத் திறக்க அந்தச் சிரிச்ச மனுசன் போகட்டும்.